கூட்டத்தை நோக்கியே நிற்க வேண்டும்

…திரும்பிப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதானே, ஒன்றரை மணி நேரம் ஒரு மனுஷி திரும்பிப் பார்க்காமல் நிற்க முடியாதா என்ன, தையல் மெஷின் முன்னால் நாள் முழுக்கக் குனிந்த தலை நிமிராமல் உட்காருகிறவள்தானே நான், ஆனால் பார்க்கக் கூடாது என்று ஒருத்தன் எழுதிக் கொடுத்த பிறகு கழுத்து சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, நகராட்சிக் கட்டடம் மொத்தமும் என் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்ட மாதிரி பிடரி அரிக்கிறது, சொறிந்துகொள்ளலாமா, அதற்கும் ஏதாவது நிபந்தனை இருக்குமோ… பொறுப்பாளர், அனுமதிக்கப்பட்ட நேரம் முழுவதும் கூட்டத்தை நோக்கியே நிற்க வேண்டும், தான் மட்டும் முழக்கம் எழுப்பக் கூடாது, கூட்டத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே எவரும் கால் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், வைத்தால் அனுமதி அந்த நொடியே ரத்து, வழக்கு பொறுப்பாளர் மேல். தம்பி இதையெல்லாம் போனில் வாசித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது, ஏன்டா நான் என்ன போட்டோவுக்கா நிக்கப் போறேன் என்று கேட்டேன், அவன் சிரிக்கவில்லை, அவன் அந்தக் கட்டடத்தில், ஆர்ப்பாட்டத்துக்கு அனுமதி கொடுக்கிற பிரிவிலேயே வேலை பார்க்கிறவன், அக்கா பொறுப்பாளர்னு நீ கையெழுத்துப் போடாத, வேற யாரையாவது போடச் சொல்லு என்றான், வேறு யார் போடுவார்கள், கோழிக்கடைக்காரர் கடை லைசென்ஸுக்குப் பயந்தார், டீச்சர் பென்ஷனுக்குப் பயந்தார், என்னிடம் பிடுங்கிக்கொள்ள என்ன இருக்கிறது, ஒரு கத்தரிக்கோலும் இஞ்ச் டேப்பும்தான், சரி நானே போடுகிறேன் என்று போட்டேன், போட்டுவிட்டு இப்போது பச்சைக் கைப்பட்டையோடு விறைத்துக்கொண்டு நிற்கிறேன். பட்டை கூட அவர்கள் கொடுத்ததுதான், எலாஸ்டிக் தொளதொளவென்று இருந்தது, எவன் தைத்தானோ, பார்க்கச் சகிக்காமல் காலையில் நானே பிரித்து இறுக்கித் தைத்தேன், இப்போது கை மரத்துப் போகிறது.

எதிரே சனம். நான் நினைத்ததை விடக் கூடுதல்தான், பாதிப் பேர் நோயாளிகள், மீதிப் பேர் நோயாளியைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள், எல்லார் கழுத்திலும் நான் நாடா வைத்துத் தைத்த அட்டைகள், ஏனென்றால் கம்பு வைத்துப் பிடிக்கக் கூடாதாம், கம்பு ஆயுதமாம், மாத்திரை தின்று மாத்திரை தின்று படி ஏறவே மூச்சு வாங்குகிறவர்கள் கம்பை வைத்து யாரை அடிக்கப் போகிறார்கள்… அட்டையில் எழுத்தெல்லாம் என் வீட்டுக்காரர் எழுதியது, கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதிக்கொண்டிருந்தவர், சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு ஏணியில் ஏறுவதில்லை, கை மட்டும் இன்னும் நடுங்கவில்லை. அதோ முதல் வரிசையில் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் நிழலில் உட்காருங்கள் என்று சொன்னேன், கேட்கவில்லை, முன்னாலதான் உட்காருவேன் என்றார், இத்தனை வருஷத்தில் முன்னால் உட்கார வேண்டும் என்று அவர் எதற்கும் அடம் பிடித்ததில்லை. வாரத்தில் மூன்று நாள் நகராட்சி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ், எங்கள் தெரு முனையில் திரும்பினால் ஆஸ்பத்திரி, காலையில் அவரைக் கட்டிலில் விட்டுவிட்டு நான் கடைக்கு வந்துவிடுவேன், மத்தியானம் போய்க் கூட்டி வருவேன், அந்த மெஷின்களை மூடப் போகிறார்கள், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொள்ளுங்கள் என்று சுவரில் ஒரு தாளை ஒட்டிவிட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், போகும்போது பரவாயில்லை, வரும்போது துவைத்துப் பிழிந்த துணியாக இருப்பார், கூட ஆள் இல்லாமல் முடியாது, அந்த ஆள் நான்தான், வேறு யார், அப்படியானால் மூன்று நாள் கடை மூடல், மூன்று நாள் மூடுகிற கடைக்கு நாலாவது நாள் யார் வருவார்கள்… வேண்டாம், இதையே திரும்பத் திரும்ப நினைத்து என்ன ஆகப் போகிறது, கயிற்றைப் பார், கால்களைப் பார், அதுதான் உன் வேலை.

டீச்சர் ஆரம்பித்துவிட்டார். மைக் கிடையாது, அதற்கு வேறு அனுமதி, வேறு பிரிவு, வேறு ஜன்னல், ஆனால் டீச்சருக்கு மைக் எதற்கு, ஓய்வு பெற்ற பிறகும் அந்தத் தொண்டை ஓய்வு பெறவில்லை. முழக்கங்களை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள், என் வீட்டுக்காரர்தான் உட்கார்ந்து எழுதினார், பேட்டர்ன் வெட்டுகிற காகிதத்தின் பின்பக்கத்தில், மெஷினில் படுத்திருந்த நேரமெல்லாம் யோசித்தாராம், நகராட்சியே நகராட்சியே, நட்டாற்றில் கைவிடாதே… நன்றாகத்தான் இருந்தது, தம்பி அதை வாங்கிக்கொண்டு போய் முதல் பாதியை அடித்துக் கொண்டுவந்தான். பெயரையோ பதவியையோ அலுவலகத்தையோ சுட்டி முழக்கம் எழுப்பக் கூடாதாம். பின்னே யாரைப் பார்த்துடா கத்தறது என்று கேட்டேன், பொதுவா கத்துங்கக்கா என்றான், பொதுவாக எப்படிக் கத்துவது, தெருவில் போகிற நாயைப் பார்த்தா? என் வீட்டுக்காரர் காகிதத்தை வாங்கிச் சத்தமில்லாமல் மாற்றி எழுதினார், கைவிடாதே கைவிடாதே, நட்டாற்றில் கைவிடாதே, பரவாயில்லையே, இப்பதான் நல்லா இருக்கு என்று அவரே சொல்லிக்கொண்டார். இப்போது அதைத்தான் டீச்சர் சொல்கிறார், சனம் திருப்பிச் சொல்கிறது, அத்தனை வாயும் என் முகத்தைப் பார்த்துத் திறந்து மூடுகிறது, எச்சில் கூடத் தெறிக்கிறது போல் இருக்கிறது, கோழிக்கடைக்காரர் கைமுஷ்டியை மடக்கி என் மூக்குக்கு நேராக நீட்டுகிறார், நேற்று வரைக்கும் அக்கா அக்கா என்று கூப்பிட்டவர், அவர் அம்மாவுக்கும் அதே மெஷின்தான், எனக்குக் கோபம் வருகிறது, நான் என்ன செய்தேன், நானா மூடினேன், என்னை ஏன் முறைக்கிறாய் என்று கேட்க வாய் வருகிறது… அட, அவர் என்னையா பார்க்கிறார், என் தலைக்கு மேலே பார்க்கிறார், கட்டடத்தைப் பார்க்கிறார், நான் குறுக்கே நிற்கிறேன், அவ்வளவுதான்.

எல்லோரும் மேலே பார்க்கிறார்கள். ஒருத்தர் பார்த்ததும் பக்கத்தில் இருக்கிறவர் பார்க்கிறார், பிறகு அடுத்தவர், என்ன அங்கே, மாடிக் கதவு திறந்ததா, நகராட்சி ஆணையர் வெளியே வந்துவிட்டாரா… மேலே ஒரு பால்கனி இருக்கிறது, எனக்குத் தெரியும், அதில் வந்து நின்று ஒரு கையை அசைத்தால் போதும், கீழே வந்து மனுவை வாங்கிக்கொண்டால் போதும், யோசிக்கிறோம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் அதற்கு மேல் ஆசைப்படவில்லை. கேட்கலாமா டீச்சரிடம், கண்ணால் கேட்டேன், அவர் கண்டுகொள்ளவில்லை, கழுத்து நரம்பு புடைக்க அடுத்த முழக்கத்துக்கு மூச்சு இழுக்கிறார். ஒருவேளை மேலே இருக்கிற கடிகாரத்தைத்தான் பார்க்கிறார்களோ. இந்தத் தேதியைக் கொடுத்தபோதே கேட்டேன், ஆணையர் இருப்பாராடா அன்னிக்கு, கவுன்சில் கூடற நாள்ல அனுமதி கிடையாது, மனு வாங்கற நாள்லயும் கிடையாது, மிச்சம் இருக்கிறது இதுதான்க்கா என்றான், அது சரி, அவர் இருப்பாரா என்று மறுபடி கேட்டேன், ஆபீஸ் இருக்கும்க்கா என்றான். ஆபீஸ் இருக்கும். அப்போது அது என் காதில் ஆமாம் என்றுதான் விழுந்தது, இப்போது வெயிலில் நின்று யோசித்தால் அது ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை, சின்ன வயசிலிருந்தே அவன் அப்படித்தான், ஸ்கூலுக்குப் போனியா என்றால் பை எடுத்துட்டுப் போனேன்க்கா என்பான். இன்று காலையில் கூட கேட் ஓரமாக நின்று என் வீட்டுக்காரரிடம் என்னவோ குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தான், நான் அட்டைகளுக்கு நாடா முடிந்துகொண்டிருந்தேன், என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டான், இவர் திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு சிரிப்பு மாதிரி, என்ன சொன்னான் என்றேன், வெயில் அதிகமாம், தொப்பி போட்டுக்கச் சொன்னான் என்றார். தொப்பி எங்கே போட்டார், மொட்டை வெயிலில்தான் உட்கார்ந்திருக்கிறார், உதடு வெளுத்துவிட்டது, தாகம் எடுக்கும், தண்ணீரை இஷ்டத்துக்குக் குடிக்கவும் முடியாது, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று நான்தான் டம்ளரில் அளந்து கொடுக்கிறேன், குடித்தால் உடம்பு வீங்கும், குடிக்காவிட்டால் தொண்டை காயும், இதில் கத்தல் வேறு.

ஆனால் கத்துகிறாரே. அதுதான் என்னைப் போட்டு என்னவோ செய்கிறது. வீட்டில் காபி ஆறிவிட்டது என்று கூடச் சொல்லாத மனுஷன், பின்னால் இருக்கிறவர்கள் குரலையெல்லாம் தாண்டி அவர் குரல் தனியாக வருகிறது, கைவிடாதே கைவிடாதே, டீச்சர் மூச்சு விட்டால் கூட இவர் விடவில்லை, கண் வேறு எங்கும் போகவில்லை… அந்த மத்தியானம். சுவரில் தாள் ஒட்டிய வாரம், அவரை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்து உள்ளே படுக்க வைத்துவிட்டு நான் முன் அறையில் தம்பியோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன், அழவில்லை, அழுதிருந்தால் தேவலை, ரொம்பச் சாதாரணமாக, துணி விலை சொல்கிற மாதிரி சொன்னேன், என்னால முடியலடா, அவங்க கைவிட்டா நானும் கைவிட்டுருவேன் போலருக்கு. அப்படிச் சொன்னதில் என்ன தப்பு, மனுஷிதானே, வாய் சொல்வதையெல்லாம் கை செய்துவிடுமா, மறுநாளும் அளந்து தண்ணீர் கொடுத்தேன், மறுநாளும் ஊசி ஏறுகிற அந்த இடது கையைப் பிடித்துப் பார்த்தேன், உள்ளே ரத்தம் பூனை உறுமுகிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம், நர்ஸ் சொல்லிக் கொடுத்தது, தினமும் காதை வைத்துக் கேட்கிறேன். தூங்கிக்கொண்டுதானே இருந்தார் அன்றைக்கு, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார், டயாலிசிஸ் முடிந்து வந்தால் அடித்துப் போட்ட மாதிரிதான் தூங்குவார், கதவு கொஞ்சம் திறந்திருந்தது, அதனால் என்ன. அந்த முழக்கத்தை எப்போது எழுதினார்? அதற்கு முன்னாலா, பின்னாலா? பேட்டர்ன் காகிதம் எந்தச் சட்டையுடையது என்று நினைவு வந்தால் சொல்லிவிடலாம், நினைவு வரவில்லை, ஏன் இந்த வேகாத வெயிலில் இதை நோண்டிக்கொண்டிருக்கிறேன்.

கால். ஐயோ, அவர் கால். எழுந்துவிட்டார், ஸ்டூல் பின்னால் சாய்ந்து விழுந்தது கூடத் தெரியவில்லை, தரையோடு தொய்ந்து கிடந்த கயிற்றின் மேல் இடது காலை வைத்துவிட்டார், செருப்பு பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம், கையை நீட்டிக்கொண்டு, கைவிடாதே, கைவிடாதே… உள்ள போங்க என்று கத்த முடியாது, நான் குரல் உயர்த்தினால் அதுவும் முழக்கம் என்று போலீஸ்காரன் எழுதிக்கொள்வான், கண்ணை உருட்டினேன், அவர் கண் என் கண்ணில்தான் இருக்கிறது, ஆனால் புரிந்துகொள்ளவில்லை, ஓரத்தில் இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நகர்கிறார், முடிந்தது கதை, அனுமதி ரத்து, வழக்கு, என்னைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டால் நாளைக்கு அவரை ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப் போவது, தண்ணீர் யார் அளப்பது… கயிறு தொளதொளவென்றுதான் கட்டியிருந்தார்கள், கைப்பட்டையைத் தைத்த அதே ஆள்தான் கட்டினானோ என்னவோ, நல்லவேளை, நான் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓரடி முன்னால் போனேன், வரிசையைச் சரிபார்க்கிற மாதிரி குனிந்து, கயிற்றை அவர் செருப்புக்கு அடியிலிருந்து உருவி இந்தப் பக்கமாக இழுத்து விட்டேன். இடுப்பு பிடிக்கவில்லை என்று வருகிறவர்களுக்குத் தையலைப் பிரித்துக் கொஞ்சம் விட்டுக் கொடுப்போமே, அந்த மாதிரி. நிமிர்ந்தபோது கால் உள்ளே இருந்தது, கயிறு வெளியே இருந்தது, நான் பழையபடி கூட்டத்தை நோக்கி நின்றுகொண்டிருந்தேன்.

இன்ஸ்பெக்டர் பக்கத்தில் வந்து நின்றார். பார்த்திருக்கிறார், பார்க்காமல் இருக்க அவர் என்ன குருடா, கயிற்றைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஆனால் அவர் ஒன்றும் எழுதவில்லை, கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச நேரம்தாம்மா, முடிச்சிடுங்க, பாவம் இந்த வெயில்ல ஏன் இப்படித் தொண்டை கிழியக் கத்துறாங்க என்றார். அவருக்குக் கேக்க வேண்டாமா சார் என்றேன், தலையை அசைக்காமல், உதட்டை மட்டும் அசைத்து. யாருக்கு என்றார். ஆணையருக்கு. அவர் ஒரு மாதிரி பார்த்தார்.

"அவரு ஊர்லயே இல்லையேம்மா. மாடியில யாருமே இல்ல. அவரு இருக்கிற நாள்ல என்னிக்கு பர்மிஷன் குடுத்திருக்காங்க? உங்க தம்பி சொல்லலையா, காலையில கேட் பக்கத்துல உங்க வீட்டுக்காரர்கிட்ட அதைத்தானே சொல்லிட்டிருந்தாரு."

சொல்லிவிட்டுப் போய்விட்டார், நிழல் பார்த்து. அடப்பாவி, என்று தம்பியைத்தான் முதலில் நினைத்தேன், என் கையால் சோறு தின்று வளர்ந்தவன், ஆபீஸ் இருக்குமாம் ஆபீஸ், அவன்தானே தேதி போட்டான், அவனுக்குத் தேதி போட மேலே ஒருத்தன் சொல்லியிருப்பான், அவனுக்கு இன்னொருத்தன், எல்லாம் சரி, என்னிடம் சொல்வதற்கு என்ன, அவரிடம் போய்ச் சொல்லத் தெரிந்ததல்லவா… அவரிடம் சொன்னான். காலையிலேயே சொல்லிவிட்டான். அதாவது இவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சிரித்த முகத்தோடு திரும்பி வந்தார், தெரிந்துகொண்டுதான் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு முதல் வரிசைக்குப் போனார், கட்டடம் காலி என்று இந்தக் கூட்டத்திலேயே தெரிந்த ஒரே ஆள் அவர்தான், அந்த ஆள்தான் எல்லோரையும் விடப் பெரிதாகக் கத்திக்கொண்டிருக்கிறார், இதோ இப்போதும், கைவிடாதே கைவிடாதே, குரல் உடைந்துவிட்டது, காற்றுதான் வருகிறது, விடவில்லை. யாரைப் பார்த்து? மற்றவர்கள் கண் மேலே போய்ப் போய் வருகிறது, கடிகாரத்துக்கு, பால்கனிக்கு, அவர் கண் போகவில்லையே, முதலிலிருந்தே போகவில்லையே, நான்தான் அதைக் கால்களைப் பார்க்கிற அவசரத்தில் சரியாகப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வருகிறது, கூடவே எரிச்சலும், இதை வீட்டிலேயே கேட்டிருக்கலாமே மனுஷா, கதவைத் திறந்துகொண்டு முன் அறைக்கு வந்து, ஏன்டி அப்படிச் சொன்னே என்று ஒரு வார்த்தை, நானும் பதிலுக்கு நாலு வார்த்தை திட்டியிருப்பேன், அத்தோடு போயிருக்கும், இத்தனை சனத்தைக் கூட்டி, போலீஸை வைத்து, கயிறு கட்டி, என் வாயையும் கட்டி… இல்லை, நானாக எதையோ கோத்துக்கொள்கிறேன், அவர் தூங்கிக்கொண்டுதான் இருந்தார், மெஷின் போய்விடும் என்று பயம், அவ்வளவுதான், பயந்தவன் எதிரே இருக்கிற முகத்தைப் பார்த்துத்தான் கத்துவான், எதிரே என் முகம்தான் இருந்தது.

இன்ஸ்பெக்டர் கையைத் தூக்கினார். நேரம் முடிந்தது என்று பொறுப்பாளர்தான் அறிவிக்க வேண்டும், அதற்கு மட்டும் வாய் திறக்கலாம், முடிஞ்சுதுங்க, எல்லாரும் மெதுவா கலைஞ்சு போங்க என்றேன், என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. கூட்டம் உடனே கூட்டமாக இல்லாமல் போய்விட்டது, அட்டையைக் கழற்றுகிறவர்கள், செருப்பைத் தேடுகிறவர்கள், பஸ்ஸைப் பற்றிப் பேசுகிறவர்கள், டீச்சர் வந்து நல்லா இருந்துச்சுல்ல, மேல யாரோ நின்ன மாதிரி இருந்துச்சு என்றார், ஆமா டீச்சர் என்றேன், மனுவை உள்ளே ஒரு ஜன்னலில் கொடுத்துவிட்டு வர அவரும் கோழிக்கடைக்காரரும் கிளம்பினார்கள், பதில் வருகிறபோது வரும். அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். கழுத்து சொடக்கு விட்டது. பால்கனிக் கதவு மூடியிருந்தது, கைப்பிடிக் கம்பியில் தரை துடைக்கிற துணி ஒன்று காய்ந்துகொண்டிருந்தது, கீழ்த்தளத்தில் ஒரு ஜன்னலில் யாரோ சட்டென்று விலகின மாதிரி இருந்தது, என் தம்பியாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

அவர் ஸ்டூலை நிமிர்த்திப் போட்டு மறுபடி உட்கார்ந்திருந்தார். பையிலிருந்து டம்ளரை எடுத்து அளந்து ஊற்றினேன், இன்றைக்குக் கொஞ்சம் கூடவே ஊற்றினேன், அவர் கூடுதலாக இருப்பதைப் பார்த்தார், வழக்கமான அளவு குடித்துவிட்டு மிச்சத்தை என்னிடமே நீட்டினார். உதட்டைத் துடைத்துக்கொண்டார். பிறகு, குரலே இல்லாமல், பக்கத்தில் நின்றவர்களுக்குக் கூட விளங்காத மாதிரி கேட்டார்.

"கேட்டுச்சா?"

கேட்டது என்று சொல்லிவிடலாம், ஒரு வார்த்தைதானே, ஆனால் சொன்னால் எதற்குச் சம்மதித்ததாக ஆகும், மெஷின்களை மூடிவிட்டால் வாரம் மூன்று நாள் இரண்டு பஸ், மூடிய கடை, அளந்த தண்ணீர், என்னால் முடியுமா என்று எனக்கே இன்னும் தெரியவில்லை, தெரியாததை எப்படிச் சொல்வது… வாங்க, வெயில் ஏறுது என்றேன். கைப்பட்டையைக் கழற்றி இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தால்தான் என் பொறுப்பு முடியும், இழுத்துப் பார்த்தேன், நானே இறுக்கித் தைத்தது, ஒரு கையால் வர மாட்டேன் என்கிறது, அவர் உதவிக்குக் கையை நீட்டினார், ஊசி ஏறுகிற கை, பட்டையோடு சேர்த்து என் கையைப் பிடித்தார், இழுக்கவில்லை, அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறார், உள்ளே உறுமுவது எனக்குக் கேட்கிறது, நானும் கழற்றச் சொல்லவில்லை.